ராகுகாலத்தில் ஏறிய மாணவர்கள்

நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன மாதம் போன் செய்தாள். விமானத்தில் யார் எப்போது ஏறுவது என்று இனிமேல் கம்ப்யூட்டரே போட்டுவிடுமாம். அது மாணவர்களைத் திங்கட்கிழமை பத்து மணிக்குப் போட்டால், பழைய பயிற்சியாளர்கள் ஏழரைக்கே வந்து நிற்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டால் சாயங்காலம் நாலரைக்கு வருகிறார்களாம். கேட்டால், "இதான் ஸ்டூடண்ட் டைம்" என்கிறார்களாம்.

"வசந்தாக்கா, இது இன்னா ரூலு? எந்தப் புக்லயும் இல்லியே" என்றாள்.

சாஃப்ட்வேர் வைக்க வந்த பெங்களூர்க்காரர் இந்த நேரங்களை எல்லாம் அலசிப் பார்த்துவிட்டு, பாலாற்றுப் பக்கத்துக் காற்றோட்டத்தை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர்கள்தான் இப்படிப் போட்டிருக்க முடியும் என்று பாராட்டினாராம். எனக்கு வந்த சிரிப்பில் போன் கையிலிருந்து நழுவப் பார்த்தது. காற்றோட்டமாவது ஒன்றாவது. அது ராகுகாலம். போட்டவள் நான். ஏன் போட்டேன் என்று போனில் சொல்லி மாளாது, எழுதித் தருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தையல் லைனில். ஷூவின் மேல்பாகம் தைத்தேன். பிறகு லைன் சூப்பர்வைசர் ஆனேன். அதன்பிறகு டிஸ்பாட்ச்சில் போட்டார்கள். எந்தப் பெட்டி எந்தக் கண்டெய்னரில் ஏறும், எது முதலில், எது அடுத்த வாரம் என்று முடிவு செய்கிற வேலை. அதில் பாதி ஆயுள் போனது. அப்போது முதலாளியின் இளைய மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தார். படித்தது வியாபாரம், பழகியது விமானத்திலிருந்து குதிப்பது. ஷூ அவருக்குப் பிடிக்கவில்லை. ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே, ஆற்றோரமாக உள்ளே தள்ளி, ஆடு மேய்ந்துகொண்டிருந்த ஒரு பழைய ஓடுபாதையைக் குத்தகைக்கு எடுத்து, ஆகாயத்திலிருந்து குதிக்கக் கற்றுத்தரும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அதைச் சினிமா ஷூட்டிங் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்களை ஷூ கம்பெனியிலிருந்தே எடுத்தார். என்னோடு தையல் லைனில் இருந்த நூர்ஜஹான், விரல் வேலை சுத்தம் என்பதற்காகப் பாராசூட் மடிக்கப் போனாள். என்னை விமான மேசையில் உட்கார வைத்தார். எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். "பொட்டிய ஏத்துன மாதிரி மனுஷங்கள ஏத்தணும், அவ்ளோதான் வசந்தா" என்றார் சின்ன முதலாளி. என் பயிற்சி அத்தோடு முடிந்தது.

வேலை என்னவோ அப்படித்தான் இருந்தது. விமானம் சின்னது. பைலட்டைத் தவிர ஆறு பேர். வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, ஒரே ஒரு தடவை குதித்துப் பார்க்க வருகிற வாடிக்கையாளர்கள். இவர்களைப் பயிற்சியாளர் தன் மார்போடு வாரால் கட்டிக்கொண்டு குதிப்பார். இதை டேண்டம் என்பார்கள். வாடிக்கையாளர் செய்ய வேண்டியது கத்துவது மட்டும்தான். இன்னொரு வகை மாணவர்கள். தனியாகக் குதிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள். ஏழு படி உண்டு. ஆறாவது படி வரைக்கும் பயிற்சியாளர் கூடவே குதிப்பார். ஏழாவதில் தனியாகக் கதவைத் தாண்ட வேண்டும். விளம்பரத்தாளில் 'பத்து நாள் பயிற்சி' என்று போட்டிருந்தது. அந்தப் பத்து நாள் எந்தப் பத்து நாள் என்று போடவில்லை.

சின்ன முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம். "டேண்டம்னா ஃபினிஷ்டு கூட்ஸ், வசந்தா. மொதல்ல ஷிப்மெண்ட். ஸ்டூடண்ட்லாம் வொர்க் இன் ப்ராக்ரஸ். அவங்க எங்க போய்டப் போறாங்க?"

உண்மையில் அவர்கள் எங்கும் போகவில்லை. காலையில் காற்று அடங்கியிருக்கும்போது டேண்டம் ஏறும். மாணவர்களுக்கு லேசான காற்றில்தான் அனுமதி. டேண்டம் முடிந்து இவர்கள் முறை வருவதற்குள் வெயில் ஏறிக் காற்று கிளம்பிவிடும். "காத்து ஜாஸ்தி, சாயங்காலம் பாக்கலாம்" என்போம். சாயங்காலம் காற்று அடங்கினால் மறுபடியும் டேண்டம் வந்து நிற்கும். "அடுத்த ட்ரிப்பு" என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் என் வாய் அதையே சொல்லும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஒரு மாசம் குதிக்காத மாணவர், முன்னால் முடித்த படியை மறுபடியும் செய்ய வேண்டும் என்பது விதி. பாதுகாப்புக்கான நல்ல விதிதான். ஆனால் குதிக்க விடாமல் உட்கார வைத்தவர்களே, நீ ஏன் இத்தனை நாள் குதிக்கவில்லை என்று கேட்டு ஒரு படி கீழே இறக்கிவிடுவதை நினைத்தால் எனக்கே வயிறு எரியும். காத்திருந்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. கூடம் பெருக்கினார்கள். இறங்கிய பாராசூட்டை வாரிக்கொண்டு வந்தார்கள். தரையிறங்கும் மைதானத்தில் ஆடு விரட்டினார்கள். சென்னையிலிருந்து ஒரு மாசம் லீவு போட்டு வந்த ஒருவர், ஒரே ஒரு தடவை குதித்துவிட்டு, இருந்த ஆடுகள் அத்தனைக்கும் பெயர் வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். போகும்போது ஆடுகளிடம் மட்டும்தான் சொல்லிக்கொண்டார்.

ராகுகாலம் இதற்குள் நுழைந்தது தற்செயலாகத்தான். ஒரு சனிக்கிழமை காலை, ஆற்காட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்து மாப்பிள்ளை டேண்டத்துக்கு வாரெல்லாம் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். விமானத்தின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒம்பது அடித்துவிட்டது, ராகுகாலம் முடியட்டும் என்றார். மாப்பிள்ளைக்கு அந்த வார்த்தை தேனாக இனித்திருக்க வேண்டும், உடனே உட்கார்ந்துவிட்டார். ஓடுகிற விமானத்தை நிறுத்த முடியாது. பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு மாணவர்களை எழுப்பி ஏற்றினேன். அவர்களில் ஒருவர்கூட ராகுகாலமா என்று கேட்கவில்லை. அவர்கள் இருந்த நிலைக்கு எமனே விமானம் ஓட்டினாலும் ஏறியிருப்பார்கள்.

அன்றைக்கு எனக்குப் பொறி தட்டியது. ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம், காசு கொடுக்கிறவர்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். புதன், வியாழனில் ராகுகாலம் உச்சி வெயிலில் வரும், மாணவர்களுக்கு ஆகாது. ஆனால் திங்கள் காலை, சனி காலை, ஞாயிறு சாயங்காலம் மூன்றும் தங்கமான நேரம், காற்று கையில் வைத்த பூவாக இருக்கும். அந்த நேரங்களை மாணவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டேன். பெங்களூரிலிருந்து வருகிற பையன்களுக்கு மட்டும் ராகுகாலம் தெரியாமல் இருந்தது. அவர்களுக்காகப் போர்டில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு பாம்புத் தலையும் வரைந்து வைத்தேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு அவர்களும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

சின்ன முதலாளி தடுக்கவில்லை. அவரே ராகுகாலத்தில் ஒரு கையெழுத்துப் போட மாட்டார். விமானம் சும்மா நிற்பதற்கு மாணவர்களாவது போகட்டும் என்று விட்டுவிட்டார்.

எதிர்ப்பு வந்தது சுபேதாரிடமிருந்து. எங்கள் தலைமைப் பயிற்சியாளர். ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்து ஓய்வுபெற்ற, இந்த மாவட்டத்துக்காரர். ஒல்லியான ஆள். சட்டையின் இஸ்திரி மடிப்பு விமானத்திலிருந்து குதித்து இறங்கிய பிறகும் கலையாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "காத்துக்கு நாள் கெழம தெரியாதும்மா" என்று மட்டும் சொன்னார். இது பஞ்சாங்கம் இல்லை சார், பஞ்சாங்கத்துக்குப் பயந்தவர்கள் விட்டுப்போன நேரம் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் சரி என்றார்.

அவர் மாணவரைச் சோதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தலைக் கவசத்தில் ஆரம்பித்து, மோவாய் வார், தோள் வார், மார்பு வார், தொடை வார் என்று ஒவ்வொன்றையும் ஒரே விரலால் தொட்டுக்கொண்டே கீழே வருவார். வரிசை ஒரு நாளும் மாறாது. நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடியும் தலையிலிருந்து ஆரம்பிப்பார். முடிந்ததும் மூன்று கேள்வி. பேர் என்ன, எங்கே போகிறாய், எப்படித் திரும்பி வருவாய். மூன்றாவதுக்கு, பாராசூட்டில் வருவேன், திறக்காவிட்டால் இரண்டாவது பாராசூட்டில் வருவேன் என்று தடுமாறாமல் சொல்ல வேண்டும். ஒரு எம்.பி.ஏ. படித்தவர் முதல் கேள்விக்கே திணறினார். சுபேதார் அவரைக் கைப்பிடித்து இறக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

விமானத்தில் கதவோரம் உட்கார்ந்து ஆட்களை அனுப்புவதும் அவர்தான். மேலே இருந்து வாக்கி-டாக்கியில் அவர் சொல்வதுதான் எங்களுக்கு வானிலை. ஒருமுறை ஒரு பெரிய இடத்துப் பையன் பத்துக் காரோடு வந்திருந்தான். சுபேதார் மேலே போய்ப் பார்த்துவிட்டு, மேகம் இருக்கிறது, ஆகாது என்று விமானத்தை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். சின்ன முதலாளி கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. இருப்பதை இருக்கிறது என்பார், இல்லாததை இல்லை என்பார். அவர் மேகம் என்று சொன்னால் நூர்ஜஹான் கொடியில் காயப்போட்ட துணியை எடுத்துவிடுவாள்.

இனி தனபால்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம், சொந்தமாகப் பவர்லூம் வைத்திருந்தார்கள். தனபால் ஒரே பிள்ளை. நண்பர்களோடு வந்து ஒரு முறை டேண்டம் குதித்தான், இறங்கியதும் தனியாகக் குதிக்கக் கற்றே தீருவேன் என்று பணம் கட்டிவிட்டான். அவனுடைய அம்மா ருக்மணிக்கு உயிரே போய்விட்டது. தடுக்க முடியாதபோது அந்த அம்மா செய்தது, நம் பக்கத்து அம்மாக்கள் எல்லோரும் செய்வதுதான். பிள்ளை நல்லபடியாகப் பயிற்சியை முடித்தால் சோளிங்கர் நரசிம்மருக்கு அவன் முடியைத் தருவதாக வேண்டிக்கொண்டாள். முடிக்கிற வரைக்கும் தலையிலும் முகத்திலும் கத்தி படக்கூடாது. பத்து நாள் பயிற்சிதானே என்று நினைத்திருக்கிறாள்.

நான் அவனை நன்றாகக் கவனிக்க ஆரம்பித்தபோது முடி தோளைத் தாண்டி, தாடி மார்பில் கிடந்தது. சுருட்டை முடி வேறு. தறியில் சிக்கிக்கொள்ளும் என்று அவனுடைய அப்பா தறிக்கூடத்துக்குள்ளேயே விடவில்லை. போக்கிடமில்லாமல் தினமும் எங்களிடம் வந்து உட்கார்ந்தான்.

வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தத் தாடியோடு உட்கார்ந்திருந்தவனை, டேண்டம் குதிக்க வந்த ஒரு குடும்பம் சாமியார் என்று நினைத்துக் காலில் விழுந்தது. அவன் பதறி எழுந்து, நான் குடியாத்தம், லுங்கி வியாபாரம் என்றான். என்ன ஒரு அடக்கம் என்று அவர்கள் இன்னொரு முறை விழுந்தார்கள். அதிலிருந்து அதுவே வழக்கமாகிப்போனது. பயந்த வாடிக்கையாளர்கள் ஏறுவதற்கு முன் அவனிடம் தலையைக் காட்டுவார்கள். அவனும் மறுக்கத் தெரியாமல் கையை வைப்பான். பயந்து திரும்பிப் போகிறவர்கள் கம்மியானார்கள். சின்ன முதலாளி அவன் நாற்காலிக்கு மெத்தை போடச் சொன்னார். இவனுக்கு எப்போது சார் ஏழாவது படி என்று கேட்டேன். "இருக்கட்டும் வசந்தா, கஸ்டமருக்கு தெம்பா இருக்குல்ல" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்கு டீ சொல்லவில்லை.

ஆனாலும் ராகுகாலத்தில் ஏற்றி ஏற்றி அவனை ஆறு படியும் முடிக்க வைத்துவிட்டேன். ஏழாவதுக்குப் பெயர் போட்ட நாளில் ருக்மணியம்மா வந்து என் மேசை முன்னால் நின்றாள்.

"இன்னாமா நீ, வேண்டுதல முடிக்கிற குதிய போய் ராகுகாலத்துல போட்ருக்கற? கெளம்பறதும் நல்ல நேரத்துல இருக்கணும், குதிக்கிறதும் நல்ல நேரத்துல இருக்கணும். இல்லன்னா சாமி ஏத்துக்காது."

நல்ல நேரமெல்லாம் டேண்டத்துக்கு, மாணவர்களுக்கு ராகுகாலம் மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு கம்பெனி இப்படியும் நடக்குமா என்பதுபோல என்னைப் பார்த்தாள். அம்மா பேச்சைத் தட்ட தனபாலாலும் முடியவில்லை. மாசம் தாண்டும், ஆறாவது படியை மறுபடியும் செய்வான். ஏழாவதுக்குப் பெயர் வரும், அது ராகுகாலமாக இருக்கும், உட்கார்ந்துவிடுவான். மறுபடியும் மாசம் தாண்டும். முடி மட்டும் நிற்காமல் வளர்ந்தது.

ஒரு நாள் தலைக் கவசம் தலையில் இறங்கவில்லை. கொண்டை மேல் கவிழ்த்த சட்டியாக நின்றது. சுபேதாரின் விரல் தலையிலேயே நின்றுவிட்டது, மோவாய் வாருக்கு வரவே இல்லை. "முடி கொறச்சிட்டு வாப்பா" என்றார். முடியைக் குறைக்க வேண்டுமென்றால் குதித்து முடிக்க வேண்டும். குதிக்க வேண்டுமென்றால் முடியைக் குறைக்க வேண்டும். தனபால் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். அவனிடம் ஆசி வாங்க வரிசையில் நின்றவர்கள், சாமி உலகத்தை நினைத்து அழுகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

நூர்ஜஹான்தான் அவனைப் பாராசூட் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "இன்னாத்துக்கு அழுவுற? இதுக்குப் போய் பேஜாரா? எனக்கு நாலு பொண்ணு" என்றாள். எண்ணெய் வைத்து வாரி, வகிடு எடுத்து, மண்டையோடு ஒட்டினாற்போல ரெட்டை ஜடை பின்னி, பாராசூட் கயிறு மடிக்கிற ரப்பர் பேண்டைப் போட்டு முடித்தாள். தாடியையும் பின்னிச் சட்டைக்குள் விட்டாள். கவசம் கச்சிதமாக இறங்கியது. சுபேதார் கவசத்தை நான்கு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். "சரி. ரிப்பன் மட்டும் வேணாம்" என்றார்.

கவசப் பிரச்சினை தீர்ந்த சமயத்தில் கல்யாணம் வந்து நின்றது. பெண் சுகன்யா, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தை மாசம் கடைசியில் முகூர்த்தம். மாப்பிள்ளை தாடியும் ஜடையுமாக மணையில் உட்காரக் கூடாது என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். வேண்டுதல் முடியாமல் கத்தி வைக்கக் கூடாது என்று ருக்மணியம்மா சொல்லிவிட்டாள். ஒரு நாள் சுகன்யாவே டியூட்டி முடிந்து மைதானத்துக்கு வந்தாள். தனபாலைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு அவரப் புடிச்சிருக்குக்கா. மொகம் நேர்ல எப்டி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது, போட்டோலதான் பாத்துருக்கேன். இந்த முகூர்த்தம் தவறிச்சின்னா வேற எடம் பாக்குறேன்னுட்டாரு எங்கப்பா."

அவள் அழவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். எத்தனையோ பேரை அடுத்த ட்ரிப், அடுத்த ட்ரிப் என்று தள்ளியிருக்கிறேன். இந்தப் பெண்ணிடம் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முகூர்த்தத்துக்கு முன்னால் மீதி இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கென்று பார்த்து, ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களைச் சின்ன முதலாளி குதிக்க அழைத்திருந்தார். காலையிலிருந்து முழு விமானமும் அவர்களுக்கே. நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பித்தால் மட்டும் அவர்களை அனுப்ப மாட்டார், ஆர்டர் போய்விடும் என்று பயம். ராகுகாலம் ஆறு மணிக்கு முடியும். சூரியன் மறைவதற்குள் மாணவரின் கால் தரையில் இருக்க வேண்டும் என்பது சுபேதாரின் விதி. தை மாசத்தில் ஆறு மணிக்கும் சூரியன் மறைவதற்கும் நடுவே இருப்பது ஒரு டீ குடிக்கிற நேரம். ஆறுக்குப் பிறகு விமானம் கிளம்பினால் மேலே போவதற்குள் இருட்டிவிடும். ஆறுக்கு முன்னால் கிளம்பினால் ராகுகாலத்தில் கிளம்பியதாகிவிடும்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்தேன். முன்கூட்டியே பெட்டியை ஏற்றி வைத்துவிட்டுக் கப்பலுக்குக் காத்திருக்கிற கண்டெய்னரை நினைத்துக்கொண்டபோது வழி கிடைத்தது. ராகுகாலத்தில் ஊருக்குப் போக வேண்டியவர்கள் முன்கூட்டியே நல்ல நேரத்தில் பெட்டியை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைப்பதில்லையா? அதுவே புறப்பட்டதாகக் கணக்கு. தனபால் நாலரைக்கு முன்னாலேயே விமானத்தில் ஏறி உட்காரட்டும். ராகுகாலத்து ட்ரிப்பில் ஒரு தடவைக்கு மாணவர்கள் இரண்டு பேர்தான், இடம் இருக்கும். விமானம் மேலே போகட்டும், வரட்டும், இவன் மட்டும் இறங்க வேண்டாம். கடைசி ட்ரிப்பில் ஆறு அடித்ததும் குதிக்கட்டும்.

ருக்மணியம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள். பிறகு சுபேதாரிடம் சொன்னேன். இப்படி ஒரு கிறுக்குத்தனத்தைப் படையில் இருந்த காலத்தில்கூட அவர் கேட்டிருக்க மாட்டார். கடைசியில், ஏறியவன் இறங்காமல் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை, பெல்ட் போட்டுக்கொண்டு உட்காரட்டும் என்றார். "ஆனா ராகுகாலத்துக்காக நான் எதுவும் மாத்த மாட்டேம்மா. காத்து நல்லா இருந்தா, எடம் சரியா இருந்தா, கதவத் தெறப்பேன்." இதை நான் ருக்மணியம்மாவிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டுக்காரர்களின் கடைசி ட்ரிப் இறங்கியதும் ருக்மணியம்மா விமானத்தின் மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தாள். சுபேதார் விரலால் தொட்டுச் சோதித்து மூன்று கேள்வி கேட்டார். எங்கே போகிறாய் என்றதற்குத் தனபால் அவசரத்தில் "சோளிங்கர்" என்றான். சுபேதார் மறுபடியும் தலையிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாவது முறை சரியாகச் சொன்னான். நாலரைக்குச் சற்று முன்னால் ஏறி உட்கார்ந்தான்.

விமானம் போனது. மாணவர்கள் இரண்டு பேர் குதித்தார்கள். விமானம் வந்தது. ஜன்னலில் தாடி தெரிந்தது. அம்மா கை காட்டினாள், மகன் கை காட்டினான். மறுபடியும் போனது, வந்தது. இந்த முறை அவன் கை காட்டவில்லை, ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தான். தாடிக்குள் முகம் எந்த நிறத்தில் இருந்தது என்று தெரியவில்லை. வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர், அந்த மனிதர் ஏன் இறங்குவதே இல்லை என்று கேட்டார். அவர் எங்கள் விமானத்தின் சாமி என்று சின்ன முதலாளி ஆங்கிலத்தில் சொல்லிவைத்தார்.

கடைசி ட்ரிப்பில் தனபாலும் சுபேதாரும் மட்டும்தான். நான் செய்த கணக்கில் ஓட்டை அங்கேதான் இருந்தது. பாரம் இல்லாத விமானம் வேகமாக ஏறும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஆறு அடிக்க ஏழெட்டு நிமிஷம் இருக்கும்போதே உயரத்துக்கு வந்துவிட்டோம் என்று பைலட் வாக்கி-டாக்கியில் சொல்லிவிட்டான். காற்று லேசாக இருந்தது. இடம் சரியாக இருந்தது. பக்கத்தில் ருக்மணியம்மா கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சுகன்யா நின்றாள். கதவைத் திறக்கிறேன் என்ற வார்த்தைக்காக நான் காத்திருந்தேன்.

சுபேதாரின் குரல் வந்தது.

"மேகம் இருக்கு. ஒரு ரவுண்டு சுத்துறோம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். வானம் அலசிக் காயப்போட்ட வேட்டியாகக் கிடந்தது. ஏலகிரி வரைக்கும் ஒரு பொட்டு மேகம் இல்லை. நூர்ஜஹான் பழக்கத்தில் கொடியிலிருந்த துணியை எடுக்க ஓடினாள். வெளிநாட்டுக்காரர்கள் டீ டம்ளரோடு எழுந்து வந்து நெற்றியில் கை வைத்து மேகத்தைத் தேடினார்கள். சின்ன முதலாளி என்னிடம் வந்து எங்கே மேகம் என்றார். மேலே இருந்து பார்த்தால்தான் சார் தெரியும் என்றேன். சூரியன் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சம் போகிறது, இறக்கச் சொல்லு என்றார். நான் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனேன், அதற்குள் மறுபடியும் குரல்.

"மேகம் அப்டியேதான் இருக்கு. இன்னொரு ரவுண்டு."

விமானம் மெதுவாகத் திரும்பியது. ருக்மணியம்மா வாய்க்குள் நரசிம்மா நரசிம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு விமானத்திலிருந்து ஒரு புள்ளி பிரிந்தது. விழுந்துகொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் அத்தனை பேரை ஏற்றிவிட்டிருக்கிறேன், ஒருவர் விழுவதை மூச்சை நிறுத்திப் பார்த்தது அன்றைக்குத்தான். ஆரஞ்சு நிறப் பாராசூட் விரிந்தது. கடைசி வெயில் அதன்மேல் பட்டது. தனபால் மைதானத்தின் நடுவில் இறங்கி, முட்டி போட்டு விழுந்து, எழுந்து நின்றான். அவன் கால் தரையைத் தொட்டபோது சூரியனில் ஒரு கீற்று மிச்சமிருந்தது.

ருக்மணியம்மா மகனிடம் ஓடவில்லை. கடிகாரத்தை என்னிடம் நீட்டி, அவன் குதித்தபோது ஆறு தாண்டிவிட்டதுதானே என்று இரண்டு தடவை கேட்டாள். தாண்டிவிட்டதம்மா என்றேன். அதன்பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே சம்பந்திக்குப் போன் போட்டு, காலையில் சோளிங்கர் போய் முடி இறக்கிவிடுகிறோம், பந்தல் போடச் சொல்லுங்கள் என்றாள். சுகன்யா மைதானத்தில் ஓடி, ரெட்டை ஜடையோடு நின்றவனின் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சின்ன முதலாளி காலியாகக் கிடந்த மெத்தை நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விமானம் இறங்கியது. சுபேதார் இறங்கி, வாக்கி-டாக்கியை அணைத்துவிட்டு, எப்போதும் போல மெதுவாக நடந்து வந்தார். சட்டை மடிப்பு கலையவில்லை. நான் வழியிலேயே நிறுத்தினேன்.

"சார், எங்க சார் இருந்திச்சி மேகம்?"

அவர் நின்று, அந்தச் சுத்தமான வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"இருந்துச்சிம்மா. ஆறு மணி ஆனதும் கலஞ்சி போச்சி."